அடுப்பு கையில், எரிபொருள் எங்கே?

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில். நாள் 1937 அக்டோபர் 1. மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, தாம் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ஊரிலேயே பரீட்சையைத் தொடங்கினார். கலால் வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார்கள். மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971-இல் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. வரி மட்டும் எந்தக் காலத்திலும் போகவில்லை.

அதே சேலத்தின் சேர்வராயன் மலையில் கூடாரம் போட்டுக் காபி வைப்பதற்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஸ்பிரிட்தான் சம்பந்தம். குளிர்பான டப்பாவை வெட்டி அடுப்பாக்கி, அதில் ஸ்பிரிட் ஊற்றி எரிப்பது உலகெங்கும் மலையேறுபவர்களின் கைவேலை. நம் பிள்ளைகளும் வீடியோ பார்த்துச் செய்கிறார்கள். செய்து முடித்த பிறகுதான் இதில் எதை ஊற்றுவது, அதை எங்கே வாங்குவது, எங்கே வைத்துப் பற்றவைப்பது என்ற கேள்விகள் வருகின்றன. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் திருத்தங்களோடு இன்னும் உயிருடன் இருக்கிறது. அதோடு, 1959-இல் எழுதிய டீநேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் விதிகளும் இருக்கின்றன. அந்த விதிகளின் தலைப்பிலேயே ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்று அடைப்புக்குள் இருக்கும். மேசை நாற்காலிக்குப் பூசுகிற பாலிஷுக்கு மதுவிலக்குத் துறை எதற்காக விதி எழுதியது என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: வீட்டில் செய்யும் ஸ்பிரிட் அடுப்பில் அடுப்பு தீர்ந்துபோன விஷயம். தீராமல் கிடப்பது எரிபொருள். அதிலும் தமிழ்நாட்டில், அதிலும் இந்த மலைகளைச் சுற்றி, அது உயிர் விவகாரம்.

ஸ்பிரிட்டில் சமைப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1888-இல் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்த நான்சென் ஸ்பிரிட் அடுப்பில்தான் பனியை உருக்கினார். அடுத்த பயணத்தில், வடதுருவத்தை நோக்கிப் போனபோது, மண்ணெண்ணெயில் எரியும் பிரைமஸுக்கு மாறிவிட்டார். 1892 வாக்கில் ஸ்வீடன்காரர் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய அந்தப் பிரைமஸின் வம்சம்தான் நம் வீடுகளில் பின் குத்திக் குத்திப் பம்ப் அடித்த ஸ்டவ். ஸ்பிரிட்டும் நம் ஊருக்கு வந்தது, ஆனால் எடுபிடியாக மட்டும். பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சூடாக்கக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றுவார்கள். பள்ளி ஆய்வகத்தில் சாராய விளக்காக எரிந்தது. இப்போது கல்யாண மண்டபத்தில் பஃபே பாத்திரங்களுக்குக் கீழே ஜெல் டப்பாவாக எரிகிறது. உலை வைக்கும் வேலையை நாம் அதனிடம் ஒப்படைத்ததே இல்லை.

இன்றைய டப்பா அடுப்பின் அமைப்புக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. நியூயார்க்கில் செம்பு வேலை செய்த ஹைன்ரிக்ஸ் என்பவர் 1904-இல் இதைப் போன்ற ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ஸ்வீடனில் 1925-இல் தொடங்கிய டிரான்ஜியா நிறுவனம் அதைப் பித்தளையில் வார்த்தது. 1951 முதல் காற்றுத் தடுப்போடு சேர்ந்த அடுக்குப் பாத்திரமாகவும் விற்கிறது. பித்தளை எரிப்பான் ஏறத்தாழ 110 கிராம் வரும். அமெரிக்காவின் அப்பலேச்சியன் தடம் 3,500 கிலோமீட்டர் நீளம். அதை மாதக்கணக்கில் நடந்து கடப்பவர்களுக்கு அந்த 110 கிராமும் பாரமாகப் பட்டது. பெப்சி டப்பாவிலும் பூனை உணவு டின்னிலும் பத்துப் பதினைந்து கிராமுக்குள் அடுப்புகள் வந்தன. ஜிம் வுட் என்பவர் பிரபலப்படுத்திய ‘சூப்பர் கேட்’ அடுப்பைச் செய்யக் காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் கருவி ஒன்று போதும்.

வகை பல என்றாலும் உள்ளே நடப்பது ஒன்றே. திரவ ஸ்பிரிட் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. எத்தனால் 78 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால் ஆவியாக்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். அகலமான டப்பாவில் ஊற்றிப் பற்றவைத்தாலே எரியும். ஆனால் அந்தத் தீ சோம்பேறித் தீ. மஞ்சளாக உயர எழும்பி, காற்று அடித்த பக்கமெல்லாம் சாயும். ஆவியைச் சிறு துளைகள் வழியாக வெளியேற்றினால் அது போகிற வழியில் காற்றை இழுத்துக் கலந்து, நீலமாக, ஒழுங்காக எரிகிறது. துளைகளைச் சுற்றிய தீ டப்பாச் சுவரைச் சூடாக்க, சுவர் ஸ்பிரிட்டைச் சூடாக்க, ஆவி இன்னும் வேகமாகக் கிளம்புகிறது. தன் விறகைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் அடுப்பு என்று சொல்லலாம்.

செய்முறையில் இரட்டைச் சுவர் அடுப்புதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். இரண்டு அலுமினிய டப்பாக்களின் அடிப்பாகம் மட்டும் வேண்டும், ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு. கத்தரிக்கோல் போட்டால் விளிம்பு பல் பல்லாக வரும். தடித்த புத்தகம் ஒன்றின் பக்கங்களுக்கு நடுவே பிளேடை வைத்து, முனை மட்டும் வெளியே தெரியும்படி அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். டப்பாவை அந்த முனையில் ஒட்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு கோடு விழும். கோட்டின்மேல் கட்டைவிரலால் அழுத்தினால் டப் என்று பிரிந்துவிடும். இரண்டு அடிகளும் ஒரே அளவு என்பதால் ஒன்றுக்குள் ஒன்று போகாது. திறக்காத டப்பா ஒன்றின் அடியை ஒரு துண்டுக்குள் திணித்து எடுத்தால் வாய் இம்மியளவு விரிந்து கொடுக்கும். நடுவே உள்சுவராக ஒரு தகட்டு வளையம். அதன் அடியில் ஸ்பிரிட் உள்ளே புகச் சின்னச் சின்ன வெட்டுகள். மேல்விளிம்பில் குண்டூசியால் பதினாறு துளைகள். இடைவெளி ஒரே மாதிரி இல்லையென்றால் தீ ஒரு பக்கம் நொண்டும். டப்பாவின் உட்புறத்தில் பூசியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலமும் வெளி மையும் முதல் எரிப்பில் நாறும். அதை வெளியே வைத்து ஒரு முறை எரித்துத் தீர்த்த பிறகே பாத்திரம் வைக்க வேண்டும்.

பதினாறு துளை போடப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஷூ பாலிஷ் டப்பா இருக்கிறது. தகரம், தட்டை, மூடி இறுக்கம். கவிழ்ந்தாலும் பரவ அதிகம் இருக்காது. மெழுகை முழுவதும் சுரண்டிக் கழுவி, உள்ளே கண்ணாடிப் பஞ்சு வைத்து, மேலே ஒரு கம்பி வலைத் துண்டை அழுத்திவிட்டால் அடுப்பு தயார். வேகம் குறைவுதான். ஆனால் அந்தப் பஞ்சு ஸ்பிரிட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தட்டிவிட்டாலும் தீ ஓடாது. என்னைக் கேட்டால் இந்தக் குறைந்த வேக அடுப்புதான் மற்ற எல்லாவற்றையும் விடப் புத்திசாலி. அது ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன். கல்லூரி மாணவர்களுக்குப் பிடித்தது என்னவோ அழுத்தத்தில் சீறும் ‘பென்னி’ அடுப்பு. ஸ்பிரிட் ஊற்றும் துளையை ஒரு நாணயம் மூடியிருக்கும். அழுத்தம் எகிறினால் அந்த நாணயம் லேசாகத் தூக்கிக் கொடுக்கும். பார்க்க அழகு, அவ்வளவே.

இனி சேர்வராயன் கணக்கு. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஊரைத் தாண்டிக் கோயில் மேட்டுக்கு வந்தால் உயரம் 1,623 மீட்டர். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மலையாளி பழங்குடி மக்களின் குலசாமி. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்ட மலைக் கிராமங்கள் எல்லாம் வந்து கூடும். இந்த உயரத்தில் தண்ணீர் 94.5 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அரிசிக்கும் பருப்புக்கும் இது கெட்ட செய்தி. கொதிக்கக் கொதிக்க வேகாது, குக்கர் வேண்டும். காபிக்கு நல்ல செய்தி. தூளிலிருந்து சாறு நன்றாக இறங்கும் சூடு 90-க்கும் 96-க்கும் இடையில்தான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலையில் காபி நட்டபோது இதை யோசித்திருக்க மாட்டார். ஆனாலும் ஷெவராய் காபிக்குக் கொதித்த தண்ணீரை ஆறவைக்காமல் அப்படியே ஊற்றலாம்.

அரை லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற 160 கிலோஜூல் வெப்பம் வேண்டும். எத்தனால் ஒரு மில்லிலிட்டர் எரிந்தால் 21 கிலோஜூல் கிடைக்கும். எல்லாம் பாத்திரத்துக்குப் போனால் எட்டு மில்லி போதும், போகாது. மூடி போட்ட பாத்திரம், சுற்றிலும் தகட்டுத் தடுப்பு, தீக்கும் பாத்திர அடிக்கும் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி என்று எல்லாம் சரியாக இருந்தால் பாதி வெப்பம் தேறும். 16 மில்லி ஆகும். இருமல் மருந்து பாட்டிலின் மூடியே அளவு. கோயில் மேட்டில் மரம் மட்டை இல்லாத வெட்டவெளியில் தடுப்பின்றி வைத்தால் இரண்டு மடங்கு ஊற்றினாலும் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அங்கே காற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காற்றுக்குப் பயந்து தடுப்பை அடுப்போடு ஒட்டி இறுக்கிச் சுற்றக் கூடாது. சூடு உள்ளேயே திரும்பி ஸ்பிரிட் பொங்கி எரியும். காற்று நுழைய அடியில் இடம் விட்டே ஆக வேண்டும்.

மார்கழி விடியலில் வேறொரு வேடிக்கை நடக்கும். எத்தனாலின் ஆவி தீப்பிடிக்கக் குறைந்தது 13 டிகிரி வெப்பம் வேண்டும். தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஏற்காட்டில் குளிர்கால அதிகாலைகள் அதையொட்டியே இருக்கும். குச்சி குச்சியாகக் கிழித்தும் பற்றவில்லை என்று ஸ்பிரிட்டைக் குறைசொல்வதற்கு முன், மூடிய பாட்டிலைக் கொஞ்ச நேரம் சட்டைக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

எடைக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கிலோ எத்தனாலில் 27 மெகாஜூல், மண்ணெண்ணெயில் 43, சமையல் வாயுவில் 46. ஸ்பிரிட் பலவீனமான எரிபொருள். இரண்டு நாள் பயணத்துக்கு அடுப்பே எடையில்லாததால் ஸ்பிரிட் ஜெயிக்கும். வாரக்கணக்கில் என்றால் வாயு ஜெயிக்கும். ஏற்காட்டுக்கு வருபவர்கள் தங்குவது ஒரு ராத்திரி, மிஞ்சினால் இரண்டு. அந்த அளவில் இது பொருத்தமான அடுப்பு.

இப்போது பாட்டிலுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் ஒருவர் கடைக்குப் போய் “அடுப்பு எரிக்க ஒரு லிட்டர் ஸ்பிரிட் குடுங்க” என்று கேட்டால் கடைக்காரர் முதலில் ஆளைத்தான் பார்ப்பார். ஜெர்மனியில் எரிப்பதற்கென்றே விற்கும் ஸ்பிரிட் பல்பொருள் அங்காடியில் கிடைக்கிறது. பிரிட்டனில் ஊதா நிறம் போட்ட மெத்திலேட்டட் ஸ்பிரிட் பெயிண்ட் கடையில் இருக்கும். இங்கே அப்படி ஒரு சரக்கு இல்லாததால் ஆளாளுக்கு ஒரு மாற்று தேடுகிறார்கள். மருந்துக் கடையின் சர்ஜிக்கல் ஸ்பிரிட் சின்ன பாட்டில்களில் வருகிறது. எரியும், விலை அதிகம், லேபிளில் மெத்தில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் மின்னணுப் பொருள் துடைக்க விற்பது. மஞ்சள் தீயோடு எரிந்து பாத்திரத்தில் கரி அப்பும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சேர்ந்த சானிடைசரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரும் கிளிசரினும் இருக்கிறது. கடைசியில் டப்பாவின் அடியில் பிசுபிசுப்பு தங்கும், தீ பாதியில் சாகும். பூஜை சாமான் கடைக் கற்பூரத்தைப் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அதில் கரி அதிகம், ஆக்சிஜன் சொற்பம். பாத்திரம் கறுத்து, காபியில் சந்நிதி வாசனை வரும். கல்யாண மண்டப ஜெல் டப்பா இவற்றில் கௌரவமான மாற்று. ஆனால் அது குழம்பைச் சூடாக வைத்திருக்கச் செய்த தீ. தண்ணீரைக் கொதிக்கவைக்க அதை நம்பினால் சூரியன் உச்சிக்கு வந்துவிடும்.

மிச்சம் இருப்பது மெத்தனால். ரசாயனக் கடைகளில் தின்னராக, கரைப்பானாகப் புழங்குவது. நீலமாக, புகையின்றி எரியும். வெப்பம் எத்தனாலைவிடக் கால் பங்கு குறைவு. அமெரிக்காவில் காரின் பெட்ரோல் குழாய் உறையாமலிருக்க விற்கும் மஞ்சள் பாட்டில் மெத்தனாலை மலையேறுபவர்கள் கூசாமல் அடுப்பில் ஊற்றுகிறார்கள். நம் ஊரில் இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆவியாக மூச்சிலும் திரவமாகத் தோலிலும் உடம்புக்குள் போகும். வயிற்றுக்குள் போனால் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது முதலில் பிடிப்பது கண் நரம்பை. பத்து மில்லி பார்வையைப் பறிக்கலாம். முப்பது மில்லி உயிரையே எடுக்கலாம். மணத்திலும் பார்வையிலும் எத்தனாலிலிருந்து பிரித்தறிய முடியாது என்பதுதான் அதன் மிகப் பெரிய கொடுமை. முகாமில் தண்ணீர் பாட்டிலும் எரிபொருள் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பாதி காலியான பாட்டிலை மலையில் விட்டுவிட்டு இறங்குபவர்களும் உண்டு. அடுத்து அதை எடுப்பவர் யார், அவருக்கு அது என்னவாகத் தெரியும்?

இது கற்பனைப் பயம் இல்லை. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இறந்தவர்கள் அறுபத்தைந்துக்கும் மேல். பார்வை போனவர்கள் தனி. சேர்வராயனுக்குக் கிழக்கே கல்வராயன். அதன் அடிவாரத்தை ஒட்டிய ஊர் கள்ளக்குறிச்சி. அந்த மாதக் கடைசியிலேயே சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர்ப்பலி ஏற்பட்டால் ஆயுள் தண்டனையும் பத்து லட்ச ரூபாய் அபராதமும் விதிக்க வழி செய்தது. இப்படிப்பட்ட பின்னணியில், பையில் அடையாளமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் ஸ்பிரிட்டோடு மலையேறும் பையனைச் சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேள்வி கேட்டால், கேட்கிறவர்மேல் எனக்குக் கோபம் வராது. கேள்விக்குச் சட்டப்படி பதில் சொல்ல அந்தப் பையனுக்கு ஒரு வழி இல்லை என்பதுதான் வருத்தம்.

எரிபொருளைக் குடிக்க முடியாததாக்க விஷம் கலப்பது பழைய தந்திரம். அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் அரசே தொழிற்சாலை ஆல்கஹாலில் மெத்தனாலைக் கூட்டச் சொன்னது. குடிப்பவர்கள் குடித்தார்கள், செத்தார்கள். விஷம் யாரையும் தடுப்பதில்லை. குடித்த பிறகு கொல்கிறது, அவ்வளவுதான். கசப்பு மேலான வழி. டீனேட்டோனியம் என்ற பொருள் லட்சத்தில் ஓரிரு பங்கு சேர்ந்தாலே வாயில் வைக்க முடியாது, ஆளையும் கொல்லாது. நிறமும் கசப்பும் சேர்த்த எத்தனாலை அடுப்புக்கென்று விற்பதில் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

இந்தியாவில் இதை முழுமூச்சாக யோசித்த இடம் மகாராஷ்டிரத்தின் பல்டண். அங்குள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனில் ராஜ்வன்ஷியும் சகாக்களும் இனிப்புச் சோளத்திலிருந்து எத்தனால் எடுப்பதில் ஆரம்பித்து, அதை எரிக்கும் விளக்குக்கும் அடுப்புக்கும் வந்தார்கள். 2007-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த எத்தனாலில் எரியும் கிராம அடுப்பைப் பற்றியது. பாதித் தண்ணீர் என்பது நம் டப்பா அடுப்பில் ஊற்றினால் சரியாக எரியாது. அவர்களுடையது அழுத்தத்தில் வேலை செய்வது, அதனால் எரிந்தது. தண்ணீர் கலந்ததால் தீவிபத்து அபாயமும் குறைவு. அத்தனை தெளிவுக்குள்ளும் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. பாதிக்குப் பாதி எத்தனாலும் தண்ணீரும் என்றால் அது கிட்டத்தட்ட சாராயம். கலால் சட்டங்கள் வழிவிட வேண்டும் என்று ராஜ்வன்ஷி பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். அடுப்பு எரிந்தது, சட்டம் வழிவிடவில்லை.

அசாம் வேறு பாதையில் போனது. 2018 அக்டோபரில் நாம்ரூப்பில் அசாம் பெட்ரோகெமிக்கல்ஸ் தன் வளாகத்துக் குடும்பங்கள் ஐந்நூறுக்கு மெத்தனால் அடுப்பு கொடுத்தது. ஸ்வீடன் தொழில்நுட்பம், ஒவ்வொரு குடுவையிலும் 1.2 லிட்டர். குடுவைக்குள் நார் அடைத்திருக்கும், திரவத்தை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கவிழ்த்தாலும் கொட்டாது, ஊற்றிக் குடிக்கவும் வராது. ஷூ பாலிஷ் டப்பாவின் கண்ணாடிப் பஞ்சை முன்பே மெச்சியதன் காரணம் இதுதான். அதே குடுவையை ‘புராஜெக்ட் கையா’ என்ற அமைப்பு எத்தியோப்பியாவின் அகதி முகாம்களில் எத்தனாலோடு கொடுத்தது. விறகு பொறுக்கப் போன பெண்களுக்கு நேர்ந்த ஆபத்துகள் அதற்குப் பின்னிருந்த காரணங்களில் ஒன்று. நாம்ரூப்பில் மெத்தனாலைத் தேர்ந்தது அங்கே அதைத் தயாரிக்கிறார்கள் என்பதால். நல்ல குடுவை, தவறான எரிபொருள் என்றுதான் நான் சொல்வேன்.

எத்தனால் பஞ்சத்தால் நமக்கு இந்த நிலை என்றும் சொல்ல முடியாது. 2025-இல் நாடு இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை எட்டிவிட்டது. அடிவாரத்தில் டேங்க் நிரப்பி மலையேறும் பைக்கில் ஐந்து லிட்டருக்கு ஒரு லிட்டர் எத்தனால் குலுங்குகிறது. அடுப்புக்கு இருபது மில்லி கேட்டால் மட்டும் கதவு இல்லை. சிலர் புத்திசாலித்தனமாக அந்தப் பெட்ரோலையே டப்பாவில் ஊற்றிப் பார்க்கிறார்கள். செய்யக் கூடாது, பெட்ரோல் ஆவி குளிரிலும் பறக்கும், திறந்த டப்பாவில் அது அடுப்பு ஆகாது, விபத்தாகும்.

ஸ்பிரிட்டின் தீ விபத்துகள் வேறு மாதிரி. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலிலிருந்து மறுபடி ஊற்றுவார்கள். தீ ஆவியைப் பிடித்துக்கொண்டு பாட்டிலுக்குள் ஏறி, வாயிலிருந்து பீச்சியடிக்கும். இந்த அடுப்பின் மோசமான காயங்களில் பல இப்படி ஏற்படுபவை. வேண்டிய அளவை முதலிலேயே மூடியில் அளந்து ஊற்றி, பாட்டிலை மூடித் தள்ளி வைத்துவிட்டுப் பற்றவைப்பதுதான் முறை. போதவில்லையா? டப்பா கைபொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அணைக்க ஊதக் கூடாது; அதைவிடப் பெரிய டின் ஒன்றைக் கவிழ்த்தால் மூச்சடங்கும். மண்ணெண்ணெய்போல இது தண்ணீரின்மேல் மிதக்காது, கலந்துவிடும். அதனால் ஈரத்துணியும் நிறையத் தண்ணீரும் கைகொடுக்கும். கூடாரத்துக்குள் எரிக்கவே கூடாது. துணி பிடிப்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். ஏற்காட்டுக்கென்றே ஒரு விதி கூடுதலாக உண்டு: குரங்கு பார்க்கிற இடத்தில் பிரெட் பாக்கெட்டை எரிகிற அடுப்பின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

காடு தனி விஷயம். 2012 மே மாதத்தில் அமெரிக்காவின் கொலராடோவில் முகாமிட்ட ஒருவரின் ஸ்பிரிட் அடுப்பிலிருந்து கிளம்பிய தீ ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்நாட்டின் மேற்குப் பகுதிகளில் தீத்தடைக் காலத்தில் ஸ்பிரிட் அடுப்பை அனுமதிப்பது அரிது. வாயு அடுப்பைத் திருகி அணைக்கலாம், இதை முடியாது என்பது அவர்கள் சொல்லும் காரணம், நியாயமான காரணம். சேர்வராயனின் அடிவாரச் சரிவுகள் மாசி, பங்குனியில் காய்ந்த புல்லும் மூங்கிலுமாக நிற்கும். அந்தப் புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணி காட்டியது. மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ நாற்பது தடங்களோடு, வழிகாட்டியோடு, கட்டணத்தோடு தொடங்கியது. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் தொட்டே குற்றம். டப்பா சிறியது, தீ நீலமானது என்பதெல்லாம் அங்கே வாதமாகாது.

ஆனால் ஸ்பிரிட்டை மட்டும் தள்ளிவைத்துவிட்டு மற்றதெல்லாம் பத்திரம் என்று நினைப்பதும் சரியில்லை. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். உள்ளே தடையை மீறிக் கொண்டுவந்த சமையல் வாயு சிலிண்டர் இருந்தது. வேன் பிடித்து ஏற்காட்டுக்கு வரும் குடும்பங்களும் சிலிண்டரையும் இட்லிக் குண்டானையும் சீட்டுக்கு அடியில் போட்டுத்தான் ஏறுகின்றன. வழியில் சமைத்துச் சாப்பிடுவது நம் பயணப் பண்பாடு, யாரும் விடப்போவதில்லை. பத்துப் பேருக்குப் பொங்கல் வைக்க டப்பா அடுப்பு உதவாது. இரண்டு பேருக்குக் காபி வைக்க சிலிண்டர் தேவையில்லை.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என் கணக்கில் இந்த அடுப்புக்கு இந்த மலையில் இடம் இருக்கிறது, ஆனால் சின்ன இடம். காபித் தோட்டத்துக்குள் அனுமதியோடு கூடாரம் போடும் முகாம், தங்கும் விடுதியின் சிமெண்ட் முற்றம், வீட்டு மொட்டை மாடி. கோயில் மேட்டில் கூடாது. காற்றுக்காக மட்டும் சொல்லவில்லை, அது மலையாளிகளின் சாமி இருக்கும் இடம். நம் சோதனைக்கூடம் அல்ல. அங்கே போகிறவர் ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோகலாம். காட்டுக்குள்ளும் அப்படியே.

அந்தச் சின்ன இடத்துக்காகவாவது சட்டப்படியான எரிபொருள் வேண்டும். நார் அடைத்த சின்னக் குடுவையில், நிறமும் கசப்பும் சேர்த்த எத்தனால் நூறு மில்லி. மலையேற்ற அனுமதிச் சீட்டைக் காட்டினால் முகாமில் வாங்கலாம், காலிக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தால் வைப்புத்தொகை திரும்பும். சர்க்கரை ஆலைகளோடு சேர்ந்த வடிசாலைகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. 2020-இல் சானிடைசருக்காக அவற்றின் ஸ்பிரிட்டைத் திருப்பிவிட வாரக்கணக்கில்தான் ஆனது. இதற்கு இரண்டு துறைகள் சம்மதிக்க வேண்டும். மலையேற்றம் வனத்துறையின் கையில். ஸ்பிரிட்டோ உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கையில். முதல் துறை தன் தடங்களுக்கு எரிபொருள் வேண்டும் என்று இரண்டாவது துறைக்கு ஒரு கடிதம் எழுதினால் பேச்சாவது தொடங்கும்.